தினமும் ஒன்றரை கி.மீ வீண் நடை... ஸ்டோர் ரூமில் கரையும் காசு யாருடையது?

மின்சாரத்துக்கு பில் வரும். நூலுக்கு பில் வரும். சம்பளத்துக்குத் தனி நோட்டு உண்டு. ஆனால், ஒரு ஃபேக்டரிக்குள் பொருள்களைத் தூக்கவும், இறக்கவும், தள்ளவும், தேடவும் ஆகிற செலவுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. பில் வராத செலவைக் குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

ஆனால், அந்தச் செலவு சின்னது அல்ல. ஓர் உற்பத்தி ஆலையின் இயக்கச் செலவில் 20 முதல் 50 சதவிகிதம் வரை பொருள்களைக் கையாள்வதற்கே போகிறது என்பது, ஆலை வடிவமைப்புப் பாடப்புத்தகங்களில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு. இடங்களைச் சரியாகத் திட்டமிட்டாலே அதில் 10 முதல் 30 சதவிகிதத்தைக் குறைக்கலாம் என்றும் அதே புத்தகங்கள் சொல்கின்றன.

இத்தனைக்கும், தூக்கிச் செல்வதால் பொருளின் மதிப்பு ஒரு பைசாகூட உயர்வதில்லை. துணி ரோல் ஸ்டோரிலிருந்து கட்டிங் டேபிளுக்கு 10 மீட்டர் வந்தாலும் 100 மீட்டர் வந்தாலும், தைத்து முடித்த பனியனுக்கு விலை ஒன்றுதான். கூடுவது செலவு மட்டுமே.

அந்தச் செலவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி. எந்தப் பொருளை எங்கே வைப்பது?

அஞ்சறைப் பெட்டி சொல்லும் பாடம்

இந்தக் கேள்விக்கான பதில் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள்தூள். தாளிக்கும்போது எண்ணெய் காய்ந்துவிட்டால் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அதனால்தான் அவை அடுப்புக்குப் பக்கத்தில், ஒரே பெட்டிக்குள், கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு அச்சு பரண் மேல் கிடக்கிறது. வாரம் ஒரு முறை எடுக்கும் பாத்திரம் மேல் தட்டில் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே, 'அடிக்கடி எடுப்பது அருகில், எப்போதாவது எடுப்பது தொலைவில்' என்ற விதி அங்கே நடைமுறையில் இருக்கிறது.

சமையலறையை ஃபேக்டரி போல அளந்து பார்த்தவர் ஒருவரும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த லில்லியன் கில்பிரெத். பொறியாளர், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பெரிய குடும்பத்தின் தாய். கணவர் ஃபிராங்க் கில்பிரெத்துடன் சேர்ந்து, தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் அசைவுகளை ஆராய்ந்தவர். 1924-ல் கணவர் இறந்த பிறகு, அவர் தன் கவனத்தைச் சமையலறை மீதும் திருப்பினார்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக 1929-ல் அவர் ஒரு மாதிரிச் சமையலறையை வடிவமைத்தார். பிறகு, ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக் என்ற ஒரே பதார்த்தத்தைப் பழைய மாதிரிச் சமையலறையிலும் புதிய மாதிரிச் சமையலறையிலும் செய்து ஒப்பிட்டார்கள். பழையதில் 97 செயல்கள், புதியதில் 64. பழையதில் 281 காலடிகள், புதியதில் 45.

சமைப்பவர் வேகமாக ஓடவில்லை. புதிய இயந்திரம் எதுவும் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவரவில்லை. பொருள்கள் இருந்த இடமும், வேலை நடக்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அவ்வளவுதான்.

ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு

வீட்டில் இயல்பாக வரும் இந்த ஒழுங்கு, ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடுகிறது. காரணம் எளிது. வீட்டில் பொருளை அடுக்குபவரும் எடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. ஃபேக்டரியில் லாரியிலிருந்து இறக்குபவர் ஒருவர், எடுத்துப்போக வருபவர் இன்னொருவர். இறக்குபவருக்கு வேண்டியது காலியாக இருக்கும் இடம். "எங்கே இடம் இருக்கோ அங்கே இறக்குப்பா" என்பதுதான் பல ஸ்டோர்களின் ஒரே திட்டம்.

உதாரணத்துக்குத் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஸ்டோருக்கு ஒரே ஒரு வாசல். உள்ளே மூன்று பகுதிகள். வாசலிலிருந்து 5 மீட்டரில் ஒன்று, 15 மீட்டரில் ஒன்று, 30 மீட்டரில் ஒன்று.

அட்டைப் பெட்டிகள் வந்திறங்கிய அன்று வாசல் பக்கம் காலியாக இருந்தது. அதனால் அவை 5 மீட்டரில். லேபிள்கள் 15 மீட்டரில். தையல் நூல் கோன்கள் கடைசியில், 30 மீட்டரில்.

இப்போது ஒரு நாளில் எத்தனை முறை எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். அட்டைப் பெட்டிக்காக 10 முறை. லேபிளுக்காக 20 முறை. நூலுக்காக 40 முறை.

போக, வர என்று கணக்கிட்டால், அட்டைப் பெட்டிக்கு 100 மீட்டர், லேபிளுக்கு 600 மீட்டர், நூலுக்கு 2,400 மீட்டர். மொத்தம் 3,100 மீட்டர்.

அட்டைப் பெட்டியையும் நூலையும் இடம் மாற்றிவிட்டால்? நூலுக்கு 400 மீட்டர், லேபிளுக்கு அதே 600 மீட்டர், அட்டைப் பெட்டிக்கு 600 மீட்டர். மொத்தம் 1,600 மீட்டர்.

ஒரு நாளில் மிச்சம் 1,500 மீட்டர். வருடத்துக்கு 300 வேலை நாள்கள் என்றால் 450 கிலோமீட்டர். ஏறக்குறைய திருப்பூரிலிருந்து சென்னைக்கு உள்ள தூரம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து இரண்டு ரேக்குகளை இடம் மாற்றினால் போதும்.

நடப்பவர் ஒருவர், காத்திருப்பவர் பலர்

மீட்டர் கணக்கு பாதிக் கதைதான். மீதிக் கதை, காத்திருப்பு.

விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடப்பதாக வைத்துக்கொண்டால், 30 மீட்டரில் இருக்கும் நூலை எடுத்து வர ஒரு நிமிடம் ஆகும். 5 மீட்டரில் இருந்தால் 10 விநாடி. அந்த 50 விநாடி வித்தியாசம் ஒரு நாளில் 40 முறை வருகிறது. நூல் வந்து சேரும்வரை ஒரு மெஷின் சும்மா நிற்கும். வரிசையாகத் தைக்கும் லைனில் ஒரு மெஷின் நின்றால், அடுத்தடுத்த மெஷின்களுக்கும் வேலை வந்து சேராது.

இங்கேதான் ஒரு விஷயம் பலர் கண்ணிலும் படாமல் போகிறது. பின்னலாடைத் தொழிலில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் ஏராளம். தைத்த பீஸுக்குத்தான் காசு. நூலுக்காகக் காத்திருந்த நிமிடத்துக்குக் காசு கிடையாது. அதாவது, ஸ்டோரில் நூல் தப்பான இடத்தில் இருப்பதற்கான விலையின் ஒரு பகுதியைக் கொடுப்பவர், மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் டெய்லர்தான். அது முதலாளியின் கணக்கில் செலவாகக்கூட ஏறாது. அதனாலேயே அதைக் குறைக்க வேண்டும் என்ற யோசனையும் வராது.

திட்டு விழுவது இன்னொருவருக்கு. "நூல் எடுக்கப் போன பையன எங்கே காணோம்?" என்று லைனில் சத்தம் கேட்கும். அவர் வழியில் நின்று செல்போன் பார்த்திருக்கலாம். ஆனால், நாள் முழுக்க நேராகப் போய் நேராக வந்தாலும் அவர் நடந்தாக வேண்டிய தூரத்தை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஃபேக்டரியிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் ஹெல்பர்மீது விழும் பழியில் பாதி, உண்மையில் ரேக் இருக்கும் இடத்தின்மீது விழ வேண்டியது.

பெரிய பொருள் முன்னால் வரலாமா?

'அடிக்கடி எடுப்பது அருகில்' என்ற விதி நல்ல தொடக்கம். ஆனால், அதை அப்படியே பின்பற்றினால் ஒரு இடத்தில் சறுக்கும்.

அரிசி தினமும் வேண்டும். அதற்காக 50 கிலோ டிரம்மை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? உப்பு, எண்ணெய், அஞ்சறைப் பெட்டி எல்லாமே ஒரு எட்டு தள்ளிப் போய்விடும். ஒரே ஒரு பெரிய பொருளின் வசதிக்காக, பத்து சின்னப் பொருள்களுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இதற்கு 1963-ல் ஒரு எளிய விதியைச் சொன்னவர் ஜேம்ஸ் ஹெஸ்கெட். பின்னாளில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர். அவர் சொன்னது இதுதான்: ஒரு பொருள் அடைக்கும் இடத்தை, அதை எடுக்க வரும் தடவைகளால் வகுத்துப் பாருங்கள். எந்தப் பொருளுக்கு விடை சின்னதாக வருகிறதோ, அதுவே வாசலுக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

அதே கம்பெனியில் துணி ரோல்கள், வாசலிலிருந்து உள்ளே போகும் பாதையில் 15 மீட்டர் நீளத்தை அடைக்கின்றன. ஒரு நாளில் 30 முறை எடுக்கிறார்கள். லேபிள் ரேக் 1 மீட்டர் நீளம்தான். ஒரு நாளில் 20 முறை எடுக்கிறார்கள். எடுக்கும் தடவையை மட்டும் பார்த்தால் துணி ரோல்தான் முன்னால் வர வேண்டும். அப்படி வைத்தால், சராசரி தூரத்தை வைத்துப் போகும் வழிக்கு மட்டும் கணக்கிட்டால், ரோலுக்கு 225 மீட்டர், லேபிளுக்கு 310 மீட்டர், ஆக 535 மீட்டர்.

ஹெஸ்கெட் விதிப்படி துணி ரோலுக்கு 15-ஐ 30-ஆல் வகுத்தால் அரை. லேபிளுக்கு 1-ஐ 20-ஆல் வகுத்தால் 0.05. லேபிள்தான் முன்னால் வர வேண்டும். அப்படி வைத்தால் லேபிளுக்கு 10 மீட்டர், ரோலுக்கு 255 மீட்டர், ஆக 265 மீட்டர். ஏறக்குறைய பாதி!

துணி ரோல் ஒரே ஒரு மீட்டர்தான் பின்னால் போனது. அதற்கு ஈடாக லேபிள் 15 மீட்டர் முன்னால் வந்துவிட்டது. ஆறுமாத கம்ப்யூட்டர் கோர்ஸ் தேவையில்லாத கணக்கு இது. ஒரு வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய ரோலையும் சின்ன லேபிள் கட்டையும் தூக்கும் சிரமம் ஒன்றல்ல. ரோலுக்கு இரண்டு பேர் வேண்டும் என்றால், அதன் ஒரு தடவையை இரண்டு தடவையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

விலை உயர்ந்தது வேறு, அடிக்கடி எடுப்பது வேறு

பல ஃபேக்டரிகளில் 'ஏ, பி, சி' என்று பொருள்களைப் பிரிக்கும் பழக்கம் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி 1951-ல் எழுதிப் பிரபலப்படுத்திய முறை அது. வருடத்தில் அதிகப் பணம் புழங்கும் சில பொருள்கள் 'ஏ'. நடுத்தரம் 'பி'. எண்ணிக்கையில் ஏராளமாக இருந்தும் பணத்தில் குறைவானவை 'சி'.

எவ்வளவு வாங்குவது, எதை அடிக்கடி எண்ணிச் சரிபார்ப்பது என்று முடிவெடுக்க இது அருமையான முறை. ஆனால், அதே பட்டியலை வைத்து ரேக்கில் இடம் ஒதுக்கினால் தப்பாகிவிடும். ஏனென்றால், அது பணத்தைப் பார்க்கிறது, காலடிகளைப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் திறக்கும் விலை உயர்ந்த ஜிப் பெட்டி வாசல் பக்கத்து அலமாரியில் கிடக்கும். ஊசியும் நூலும் 'சி' என்பதால் கடைசி மூலைக்குப் போய்விடும்.

ஆகவே பட்டியல்கள் இரண்டு வேண்டும். வாங்குவதற்குப் பணப் பட்டியல். வைப்பதற்கு நடைப் பட்டியல்.

சேர்ந்து போவது சேர்ந்து இருக்கட்டும்

ஒரு ஆர்டருக்கு நூல், மெயின் லேபிள், சைஸ் லேபிள், வாஷ் கேர் லேபிள், பட்டன் எல்லாம் வேண்டும். ஐந்தும் ஐந்து மூலையில் இருந்தால் ஐந்து நடை. ஒரே ஆர்டருக்கு உரியவற்றை முந்தைய நாள் மாலையே ஒரு டிரேயில் எடுத்து வைத்துவிட்டால் ஒரே நடை. அஞ்சறைப் பெட்டி செய்வதும் அதையேதான்.

இதற்கு நேர்மாறான விதியும் உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்து, மாறிப்போனால் நஷ்டம் தருபவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. எம் சைஸ் லேபிளும் எல் சைஸ் லேபிளும் அடுத்தடுத்த டப்பாவில் இருந்தால், அவசரத்தில் கை மாறும். லேபிள் மாறித் தைத்த பீஸ்களைச் செக்கிங்கில் கண்டுபிடித்துப் பிரித்துத் தைப்பதற்கு ஆகும் செலவு, பல மாத நடையில் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் தின்றுவிடும்.

ஒவ்வொன்றுக்கும் தனி இடமா, பொது இடமா?

'இது துணிக்கு, இது அட்டைப் பெட்டிக்கு' என்று கோடு போட்டுப் பிரிப்பது நல்ல ஒழுங்கு. தேட வேண்டியதில்லை. ஆனால், அதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் அது உச்சத்தில் இருக்கும் நாளுக்குத் தேவையான இடத்தை வருடம் முழுக்க ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒரு ஆர்டரின் தொடக்கத்தில் துணி 80 சதுர மீட்டரும், அட்டைப் பெட்டி 10 சதுர மீட்டரும் அடைப்பதாகக் கொள்வோம். நடுவில் துணி 50, பெட்டி 35. கடைசியில் துணி 25, பெட்டி 60. தனித்தனி இடம் என்றால் 80-ம் 60-ம் சேர்த்து 140 சதுர மீட்டர் வேண்டும். ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டால் எந்த நாளிலும் 90 சதுர மீட்டரே போதும். மிச்சம் 50 சதுர மீட்டர். 'இடம் பத்தவில்லை' என்று வாடகைக்கு குடோன் தேடுவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

இந்த யோசனையை அதன் எல்லை வரை கொண்டுபோனது அமேசான். அதன் கிடங்குகளில் புத்தகத்துக்குப் பக்கத்தில் பொம்மை, பொம்மைக்குப் பக்கத்தில் சார்ஜர் என்று காலியான இடத்தில் எதையும் வைப்பார்கள். வைக்கும்போதே ஸ்கேன் செய்துவிடுவதால், எது எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். 2012-ல் கிவா சிஸ்டம்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தை 77.5 கோடி டாலர் கொடுத்து அமேசான் வாங்கியதும் இதே நடைப் பிரச்னைக்காகத்தான். அந்த ரோபோக்கள் அலமாரியையே தூக்கிக்கொண்டு ஊழியர் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும்.

சிறிய கம்பெனிக்கு ரோபோவும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம். ஆனால், பொது இடம் என்றால் எழுதி வைப்பது கட்டாயம். பல ஸ்டோர்களில் அந்த ரெஜிஸ்டர், ஸ்டோர் கீப்பரின் மண்டைக்குள்தான் இருக்கிறது. அவர் இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கும். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு எடுத்தால், ஐந்து பேர் டார்ச் அடித்துக்கொண்டு தேடுவார்கள். ரேக்குகளுக்கு எண், ஒரு நோட்டு, அதில் 'என்ன, எந்த ரேக், எவ்வளவு' என்று மூன்று பத்தி. இது அவரின் வேலையைப் பறிப்பது அல்ல. அவர் நிம்மதியாக லீவு எடுக்க வழிசெய்வது.

முதுகுக்கும் ஒரு கணக்கு உண்டு

அருகில், தொலைவில் என்பது தரையில் அளப்பது. உயரத்திலும் அதே கேள்வி இருக்கிறது.

லில்லியனின் கணவர் ஃபிராங்க் கில்பிரெத், கட்டுமானத் தொழிலில் கொத்தனாராகத் தொடங்கியவர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்வதைப் பார்த்தார். செங்கல்லும் கலவையும் கைமட்டத்தில் இருக்கும்படி, சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரத்தை அமைத்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் 5 போதும் என்றானது. அதில் பெரும் பங்கு, செங்கல்லை எந்த உயரத்தில் வைப்பது என்ற முடிவுக்குத்தான்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனம், கையால் தூக்கும் எடைக்கு ஒரு கணக்கீட்டு முறை வைத்திருக்கிறது. எல்லா வசதியும் சரியாக இருக்கும் நிலையில் அது பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. அந்த வசதிகளில் ஒன்று, பொருள் தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடலுக்கு நெருக்கமாக இருப்பது. தரையில் கிடந்தாலோ, தலைக்கு மேல் இருந்தாலோ, உடலைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தாலோ அந்த 23 கிலோ மளமளவெனக் குறைந்துவிடும்.

ஆகவே கனமானவையும் அடிக்கடி எடுப்பவையும் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் இருக்க வேண்டும். லேசானவை, எப்போதாவது எடுப்பவை மேல் தட்டுக்குப் போகலாம். நூல் மூட்டையைத் தரையில் போடுவதற்கு பதில் மரப் பலகைகளை அடுக்கி, அதன்மேல் வைத்தாலே குனிவது குறையும். பிடித்துக்கொண்ட முதுகுக்கும் ஃபேக்டரி கணக்கில் பில் கிடையாது. அந்தச் செலவு வீட்டுக்குப் போகிறது. தைலமாக, மாத்திரையாக, வேலைக்குப் போக முடியாத நாள்களாக.

அருகில் வைக்கவே கூடாத இடங்கள்

இத்தனை கணக்குக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. காலடியை மிச்சம் பிடிப்பதற்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

2012 நவம்பர் 24. வங்கதேசத் தலைநகர் டாக்காவின் புறநகரில் இருந்த தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற ஆயத்த ஆடை ஃபேக்டரியில் தீ பிடித்தது. நூலும் துணியும் குவித்து வைக்கப்பட்டிருந்த தரைத் தளத்தில்தான் தீ தொடங்கியது. மேல் தளங்களிலிருந்து இறங்கும் படிக்கட்டுகள் எல்லாம் அந்தத் தரைத் தளத்துக்கே வந்தன. வெளிப்புறமாகத் தப்பிக்கத் தனிப் படிக்கட்டு இல்லை. 100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தரைத் தளத்தில் துணியை வைப்பது, ஏற்றி இறக்கும் செலவை மட்டும் பார்த்தால் மிக வசதியான முடிவு. லாரி வாசலிலேயே நிற்கும். ஆனால், எரியக்கூடிய சரக்கும் தப்பிக்கும் வழியும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது என்பதை அந்த வசதி மறைத்துவிடுகிறது.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மூலப்பொருள் கிடங்கும், மருந்து கலக்கும் அறையும், வேலை நடக்கும் ஷெட்டுகளும் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட இடைவெளியில் இருக்க வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. அங்கே நடை அதிகம் என்பது குறை அல்ல. அந்த நடைதான் பாதுகாப்பு. ஷெட்டுக்குள் தேவைக்கு மேல் மருந்து சேர்த்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் தந்திரம் போலத் தெரியும். ஆனால், ஒரு பொறி பட்டால் விபத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த மிச்சம்தான்.

அதனால் வரைபடம் போடும்போது முதலில் குறிக்க வேண்டியது ரேக்குகளை அல்ல. படிக்கட்டு, வெளியேறும் கதவு, தீயணைப்பான், மின்சாரப் பலகை ஆகிய நான்கையும் குறித்து, அவற்றின் முன்னால் எதுவும் வராதபடி கோடு போட வேண்டும். மீதி இருக்கும் இடத்துக்குத்தான் மீட்டர் கணக்கு. 'ரெண்டு நாள்தானே, இங்கேயே இருக்கட்டும்' என்று வழியில் வைக்கும் பெட்டிக்கும் இதே விதிதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

1. ஸ்டோர் வாசலில் ஒரு நோட்டு. ஒரு வாரம், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பொருளின் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஐந்து கோடு ஒரு கட்டு. ஆள் பெயர் எழுத வேண்டாம். இது யாரையும் பிடிப்பதற்கான நோட்டு அல்ல என்று தெரிந்தால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும்.

2. ஒரு தாளில் ஸ்டோரின் படம். வாசலிலிருந்து ஒவ்வொரு ரேக்குக்கும் உள்ள தூரத்தைக் காலடியில் அளந்தாலே போதும். வெளியேறும் வழிகளைச் சிவப்பில் குறித்துவிடுங்கள்.

3. ஒவ்வொரு பொருளும் அடைக்கும் இடத்தை, எடுத்த தடவைகளால் வகுத்து, சின்ன எண் முதல் பெரிய எண் வரை பட்டியல் போடுங்கள். பட்டியலில் மேலே இருப்பது வாசல் பக்கம்.

4. ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பட்டியலின் முதல் ஐந்து பொருள்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மிச்சம் அதிலேயே கிடைத்துவிடும்.

5. மாற்றுவதற்கு முன்பு ஹெல்பரையும் ஸ்டோர் கீப்பரையும் கேளுங்கள். மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும், எந்த ரேக்கின் கால் ஆடும், எந்த இடத்தில் டிராலி திரும்பாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

6. சீசன் மாறினால் பட்டியலும் மாறும். கோடைக்கான டி-ஷர்ட் ஆர்டரில் ஓடிய பொருள் வேறு, குளிர்கால ஆடை ஆர்டரில் ஓடும் பொருள் வேறு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நோட்டைத் திரும்ப எடுங்கள்.

மிச்சமாகும் நேரத்தை வைத்து ஒரு ஹெல்பரைக் குறைத்துவிடலாம் என்று நினைக்கும் கம்பெனியில் இரண்டாவது முறை யாரும் நோட்டில் உண்மையான கோடு போட மாட்டார்கள். குறைந்த நடையால் லைன் நிற்காமல் ஓடி, பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் வாரச் சம்பளம் ஒரு ஐம்பது ரூபாயாவது கூடினால், அடுத்த முறை எந்தப் பொருளை எங்கே வைக்கலாம் என்று அவர்களே வந்து சொல்வார்கள்.